கூத்தும் கூலியும்

(சவ்வாது மலையில், சமுனாமரத்தூரில் கூடிய தமிழன்பர் முன் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே பாயும் சேயாற்றை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். அவ்வாற்றின் பெயர் பத்துப்பாட்டில் உள்ளது என்பதை அறிந்தவர் எத்துணைப் பேர்? பத்தாம் பாட்டாகிய மலைபடுகடாம் பாடப்பெற்றது வேறெங்கோ இருந்த மன்னனுக்கன்று. இம்மலையடியில், பல்குன்றக் கோட்டத்தில், செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட வேள் நன்னன் சேய் நன்னனுக்கு. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். 583 அடிகளில் அதனைப் பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அப்பாட்டுக்கு இன்னொரு பெயருண்டு: கூத்தராற்றுப்படை. பரிசு பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது அது.

அவ்வழி எத்தகைய வழி என்று எண்ணுகிறீர்கள்? பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவலர் விடும் கவண்கல் எப்பக்கம் பாயும், பாம்புறையும் குழி எது, வழுக்கும் பாறை எது என்று அடிக்கு அடி எச்சரிக்கை. எந்த ஊரில் தினைச்சோறு கிடைக்கும், எந்த வீட்டார் உறவினரைப் போல் விருந்தோம்புவர் என்னும் செய்தி அதற்கு இடையிடையே. கூத்தர் சுமந்து சென்ற கருவிகளின் பட்டியலும் அதில் உண்டு: முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. வறியவர்தாம் அவர்கள். ஆயினும் கட்டற்றவர்கள். எந்த மலைமேலும் ஏறலாம். எந்த ஊரிலும் தங்கலாம். விரும்பிய மன்னனை நாடலாம். அவன் முகங்கோணினால் எழுந்து போய்விடலாம்.

இம்மலைநாட்டுக் கூத்தருக்கு வழிசொன்ன பாட்டு அது. ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகள் கழிந்தபின், இதே வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கூத்தாடத் தெரிந்த மாந்தர் கப்பலேறினர். அவர்களுக்கு வழிசொல்ல எதிர்வந்தவன் கூத்தன் அல்லன்; ஆள்பிடிக்கும் தரகன். அவர்களைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கூலி என்னும் சொல்லை வள்ளுவர் ஆள்வினையுடைமையில் ஆள்கிறார். உடலை வருத்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பு தவறாது தரும் பயன் என்பதே அங்குப் பொருள். ஊழே கைவிட்டாலும் உழைப்பு கைவிடாது என்று சொல்ல வந்த இடத்தில் வள்ளுவர் தேர்ந்துகொண்ட சொல் அது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே ஒலியுடைய சொல், ஆங்கிலேயர் பிரெஞ்சியர் வாயில், உழைப்பின் பயனைக் குறிக்காமல் உழைக்கும் ஆளையே குறிக்கலாயிற்று. பின் வசைச்சொல்லாகவே ஆயிற்று. தென்னாப்பிரிக்காவிலும் குவாதலூப்பிலும் தமிழன் முகத்தில் அச்சொல்லை எறிந்தார்கள்.

இது எவ்வாறு நேர்ந்தது? ஆங்கிலப் பாராளுமன்றம் 1833இல் அடிமையொழிப்புச் சட்டம் இயற்றியது. 1834 ஆகத்து முதல்நாள் அது நடைமுறைக்கு வந்ததென்று பாடநூல்கள் புகழ்கின்றன. அச்சட்டம் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செல்லாது என்று அச்சட்டத்திலேயே விலக்கு எழுதி வைத்திருந்ததைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இந்தியாவில் அடிமைமேல் உரிமை கொண்டாடும் வழக்கை வழக்குமன்றங்கள் ஏற்கலாகா என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. அதுவும் அடிமையை வைத்திருப்பவனை ஒறுக்கவில்லை. அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது 1860இல் இயற்றி 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டச் சட்டம். பிரெஞ்சியர் தம் தீவுகளில் 1848இல் அடிமைகளை விடுவித்தனர். இரெயூனியன் தீவில் அவ்வாண்டு திசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர்.

விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு மீள விரும்பவில்லை. எவன்தான் விரும்புவான்? கரும்போ காத்திராது. ஆகவே முதலாளிமார் கண் தமிழகத்தின்மேல் திரும்பிற்று. 1840இலேயே ஆங்கில அமைச்சர் சான் இரசல் பெருமகன், இத்தகைய ஏற்றுமதி புதியதோர் அடிமைமுறையில் கொண்டுபோய் விடுமென்று அஞ்சி எழுதினார். அஞ்சியது ஒருபுறமிருக்க, கப்பல்கள் சென்றன. இரெயூனியனுக்கு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். மார்த்தினிக்குக்கு 1853 முதல் ஏறத்தாழ 25,000 பேர். குவாதலூப்புக்கு 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர்; அவர்களுள் ஊர் திரும்பியோர் 10,000க்கும் குறைவு. நெட்டாலுக்கு 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் முதற்கப்பல் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அங்குச் சென்றோர் 1,52,000க்கு மேல். நெட்டாலுக்குச் சென்ற தமிழருள் வட ஆர்க்காட்டார் மிகப் பலர். இம்மலை அந்நாளைய வட ஆர்க்காட்டின் விளிம்பில் நின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றே என்று உணர்ச்சி மேலிட்டுச் சொல்வது முறையன்று. ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு எல்லை உண்டு. சம்பளம் என்ற ஒன்று உண்டு. பெயரளவிலேனும் முறையிட ஓர் அலுவலர் உண்டு. பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து ஏலம்விட இயலாது. இவை சிறு வேறுபாடுகள் அல்ல. ஆனால் ஒன்றில் இரண்டும் ஒத்திருந்தன: நகரும் உரிமை இல்லை. நெட்டாலில் இசைவுச்சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஒரு கல் தொலைவு சென்றாலே குற்றம். மொரீசியசில் ஒருநாள் வாராதிருந்தால் இருநாள் கூலி பிடித்தம். இரெயூனியனில் கைச்சீட்டின்றி வழியில் அகப்பட்டவன் ஊர்சுற்றி எனச் சிறையிடப்பட்டான். செங்கண்மா சென்ற கூத்தனுக்கும் இவர்களுக்கும் உள்ள தொலைவை இங்கேதான் அளக்க வேண்டும்.

இவ்விடத்தில் உலகின் மறுபக்கத்தைச் சற்று நோக்குவது நலம். இன்று எய்த்தி எனப்படும் நாடு, பிரெஞ்சியர் ஆண்ட நாளில் சான்தொமேங்கு எனப்பட்டது. 1789இல் அங்கே அடிமைகள் ஏறத்தாழ ஐந்து நூறாயிரம். வெள்ளையர் அவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அச்சிறு தொகையினருக்காக அந்நாட்டுப் பட்டினங்களில் நாடக அரங்குகள் எழுந்தன. கேப்பு நகரத்து அரங்கில் ஏறத்தாழ 1,500 பேர் அமரலாம். பாரீசில் நடந்த இசைநாடகம் அங்கும் நடந்தது. ஒரே செய்தித்தாளில் நாடக விளம்பரமும் வரும். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருமாறு விளம்பரமும் வரும். கறுப்பர் வேடம் வந்தால் வெள்ளையரே முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடினர். கலப்பினத்துப் பெண்ணொருத்தி, மினெத்து என்பாள், 1781இல் போர்ட்டோபிரின்சு அரங்கில் பாடி அவையைக் கவர்ந்தது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. அவளும் அடிமையல்லள், விடுதலையுற்ற குடியினள். அடிமைக்கு அந்த அரங்கில் இருந்த வேலை பல்லக்குச் சுமப்பதும் விளக்கேற்றுவதும், சிலர்க்குக் கருவியிசைப்பதும். அரங்கு ஆண்டானுடையது. பத்தாண்டு கழித்து, 1791இல், அந்த அடிமைகளே எழுந்து, 1804இல் தம் நாட்டைத் தாமே கொண்டது தனி வரலாறு.

தமிழ்க் கூலிகள் நிலை இதற்கு நேர்மாறு. அவர்கள் ஆண்டானின் அரங்குக்கு வெளியே காத்து நின்றவர்களல்லர். தம் அரங்கைத் தாமே கொண்டு சென்றவர்கள். அதற்குக் கட்டடம் வேண்டா, திரைச்சீலை வேண்டா. நாற்புறமும் மாந்தர் அமர்ந்தால் நடுவே உள்ள மண்ணே களரி. இருவர் பிடிக்கும் ஒரு துணி போதும் திரைக்கு. புயத்திலும் மார்பிலும் தலையிலும் அணியும் கட்டைகளை இங்கே கலியாண முருங்கையில் செதுக்குகிறார்கள். அங்கே கிடைத்த மரத்தில் செதுக்கினார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை, இரவில் தாளம் பிடித்தது.

இரெயூனியன் தீவில் அவ்வாட்டம் இன்றும் உண்டு. 'நார்ல்கோன்' என்பர். என்ன சொல் இது என்று மயங்க வேண்டா, நாடகம் என்பதேயாம். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் அஃது 'நாத்ரோன்' ஆயிற்று. மத்தளம் 'மத்தலோன்' ஆகவும், தாளம் 'தாலோன்' ஆகவும், வாத்தியார் 'வார்த்தியால்' ஆகவும் மாறின. மகர ஈறு மூக்கொலியாய் நெகிழ்வது நம் பேச்சுவழக்கிலேயே உள்ளது. மரம் என்று எழுதுவோம், இறுதி மகரத்தை முழுமையாக ஒலிப்பவர் எத்தனைப் பேர்? பிரெஞ்சு மொழியிலும் மூக்கொலி உயிர்கள் உண்டாகலின், அந்நெகிழ்ச்சி அங்கே நிலைத்துவிட்டது. சிதைந்த சொற்கள் என்று இவற்றைப் பழிப்பாரும் உளர். பள்ளியில்லை, நூலில்லை, ஆசிரியரில்லை. நூற்றைம்பதாண்டுகள் கடலுக்கப்பால் கிடந்தும் வேர் தெரிகின்றதே! எல்லா வாய்ப்பும் இருந்தும் வேற்றுச்சொல்லை விரும்பிப் பேசும் நம் நகரத்தாரைவிட அவர்கள் எவ்வகையில் குறைந்தவர்கள்?

இரெயூனியனில் அவர்கள் விடிய விடிய ஆடுவன பெரும்பாலும் பாரதக் கதைகள். பாஞ்சாலியை அங்கே 'பாந்தியாலே' என்பர். அவளுக்குத் தீமிதி உண்டு. குவாதலூப்பில் மாரியம்மனோடு, மாறுகால் மாறுகை வாங்கப்பெற்ற மதுரைவீரனுக்கும் கோயிலுண்டு. நெட்டாலில் தெருக்கூத்தை 'ஆறடி ஆட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கினர். பெயர் மாறினும் ஆட்டம் இங்குள்ள ஆட்டமே.

பாரதம் வடவர் கதையாயிற்றே, அதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று இயக்கத் தோழர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆனால் அக்கதையில் எப்பகுதியைத் தமிழ்க் கூத்தர் இரவு முழுதும் நீட்டி ஆடுகிறார்கள் என்று பாருங்கள். வடக்கே பெருமையாகப் பேசப்படும் அறவுரைகளையன்று, சூதையும் துகிலுரிதலையும். சூதாடித் தன்னைத் தோற்று அடிமையானவன், பின்னர் மனைவியைப் பணயமாக வைக்க முடியுமா? தன்மேலேயே உரிமையற்றவனுக்குப் பிறர்மேல் உரிமை ஏது? பாஞ்சாலி அவையில் எழுப்பும் வினா இதுதான். அடிமைமுறை பற்றிய நுட்பமான சட்ட வினா இது. அரசவையில் விடை சொல்ல எவனும் இல்லை. இவ்வினாவை ஐந்தாண்டுச் சீட்டில் கைந்நாட்டிட்டவன் பெண்வேடமிட்டுக் கேட்கிறான்; கேட்டுக்கொண்டிருப்பவர்களும் கைந்நாட்டிட்டவர்களே. கதை எங்கிருந்து வந்தாலென்ன?

அரிச்சந்திரன் கூத்தும் அத்தகையதே. தமிழகத்து ஊர்களில் இறப்பு வீட்டில் இரவெல்லாம் ஆடப்படும் கூத்து அது. அதன் உயிர்நிலை எது? மன்னன் தன் மனைவியையும் மகனையும் தெருவில் நிறுத்தி விலைகூறுவது. தன்னையே விற்று வெட்டியானாவது. ஆள் விற்கும் சந்தையை நம் மக்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையில் பஞ்ச காலம் பார்த்து ஆள் வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஏற்றினர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சியர் புதுச்சேரி வழியே தம் தீவுகளுக்கு ஏற்றினர். அயலாரை மட்டும் குறை சொல்லி அமைய முடியுமா? அடிமை ஓலை எழுதிக்கொண்டவர்களும் எழுதிக்கொடுத்தவர்களும் தமிழர்களே.

இதை மறைப்பது தமிழ்ப்பற்று ஆகாது. முக்கூடற்பள்ளைப் படித்தவர் அறிவர். பண்ணைக்காரன் உழவனைத் தொழுவில் மாட்டுகிறான். காலைக் கட்டையில் பூட்டுகிறான். அக்காட்சி அந்நூலில் நகைச்சுவையோடு கலந்தே வருகிறது. ஆனால் அவையோர் நகைப்பது உழவனைப் பார்த்தன்று. பண்ணைக்காரன் வரும் கோலத்தைப் பார்த்து. கட்டையில் பூட்டுபவனை நகைப்புக்குரியவனாக்கி மேடையேற்றிய துணிவு பள்ளுக்கு உண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரனும் அப்படித்தான். மன்னனுக்குக் கட்டியம் கூறி வரவேற்பவன் அவனே. அடுத்த நொடியில் அவையோர் பக்கம் திரும்பி, அந்த மன்னனின் முகமூடியைக் கழற்றுபவனும் அவனே. கதை வடவருடையது என்றீர்களே, கட்டியக்காரன் நம்மவன்.

இனிச் சொல்லவிருப்பது ஒரே துறைமுகத்தைப் பற்றிய செய்தி. காரைக்கால். பிரெஞ்சியர் ஆண்ட ஊர். 1860 சூலையிலும் 1861 சூலையிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி, இந்தியக் கூலிகளை பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஏற்றிச்செல்ல வழி திறந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அவ்வேற்றுமதியின் வாயில்கள். அதே காரைக்காலில், 1861-62ஆம் ஆண்டளவில், அங்கே பிரெஞ்சு அலுவலராக இருந்த சீசே என்பாரின் துணையால் ஒரு தமிழ்நூல் அச்சேறியது. கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை!

சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் ஆண்டை கிடையாது. அங்கே நந்தனார் கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டர். அவருக்குத் தடை, பிறப்பின்மேல் ஊரார் வைத்த தீட்டு. பாரதியார் அதில் ஓர் ஆண்டையைப் படைத்து நுழைத்தார். அதனால் நந்தன் பண்ணையாள் ஆனான். சிதம்பரம் போக விடை கேட்டு நிற்பவன் ஆனான். ஆண்டை முதலில் மறுக்கிறான். பின், நாற்பது வேலி நிலத்தையும் ஓரிரவில் உழுது நட்டு முடித்துவிட்டுப் போ என்கிறான். ஓர் அடிமை சில நாள் வெளியே போய்வர இசைவு பெறுவதே முழுக்கதையும் ஆயிற்று. பாரதியார் தஞ்சைச் சீமையில் கண்ணாற் கண்ட உறவைத்தான் பெரியபுராணத்துக்குள் கொண்டுவந்து வைத்தார் என்பது தெளிவு. நெட்டாலில் ஒரு கல் தொலைவுக்குச் சீட்டுக் கேட்டவனும், காவிரிக்கரையில் சிதம்பரத்துக்கு விடை கேட்டவனும் ஒரே காலத்தவர். நந்தன் கதை அச்சான ஊரிலிருந்தே மற்றவன் கப்பலும் புறப்பட்டது. நந்தனைப் போன்ற பண்ணையாள் ஒருவன் ஆண்டையை விட்டோடி அக்கப்பலில் ஏறியிருந்தால், அதை விடுதலை என்று எண்ணித்தான் ஏறியிருப்பான்.

புலவர்கள் அந்நூலை எவ்வாறு வரவேற்றனர்? பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். காரணம் இலக்கணப் பிழைகள். பாரதியார் பலகாலும் வந்து காத்திருந்தார். ஒருநாள் திண்ணையில் அமர்ந்து தம் பாடல்களை அவர் பாட, உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் கொடுத்தார் என்று அவர் மாணவர் சாமிநாதையர் எழுதியுள்ளார். புலமைக்கு அழகு அதுவே. ஆனால் திண்ணை வரை வந்து பாட முடிந்தவருக்குப் பாயிரம் கிடைத்தது. தெருவிலும் களரியிலும் பாடிய கூத்து வாத்தியார்களுக்கு அது கிடைக்கவில்லை. கூத்தாடி என்னும் சொல்லை வசையாக வழங்கியவர்கள் வெள்ளையரல்லர்; நாமே.

இலங்கை மலையகத்தையும் இங்குச் சொல்லாமல் விடலாகாது. காப்பித் தோட்டத்துக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிமார் அழைத்துச் சென்ற நம்மக்கள் முப்பெருங் கூத்துகளைப் பேணினர்: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தவம். காமன் கூத்து மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும், முழுநிலா நாளில் காமன் எரியுண்பான், இரதி அழுவாள். நாள்தோறும் லயம் லயமாகச் சென்று ஆடுவதால் தோட்டம் முழுவதுமே அதற்கு அரங்கு. எரிக்கப்பட்டவனுக்காக ஊரே கூடி ஒப்பாரி வைக்கும் கூத்தை அம்மக்கள் ஏன் தலைக்கூத்தாகக் கொண்டனர் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. மன்னாரில் இறங்கி மலை வரை நடந்த காட்டுவழியில் பிணமானோருக்கு ஒப்பாரி வைக்க யார் நின்றார்கள்? அத்தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடனைச் சீட்டில் எழுதி, அதை அடைக்கும் தோட்டத்துக்கு அவனை மாற்றுவது. 1921இல்தான் அதை ஒழித்தனர். 1948இல் அவர்கள் குடியுரிமையைப் பறித்தனர். 1964 உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவர்களைக் கேட்டு எழுதிய உடன்பாடு அன்று அது.

குவாதலூப்பில் என்ன ஆயிற்று? 1863இல் பிறந்த என்றி சிதம்பரம் என்பார், கூலிகளின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டி 1904இல் தொடங்கிய வழக்கு, 1923இல் வெற்றியில் முடிந்தது. குடியுரிமை வந்தது, மொழி போயிற்று. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல், வீட்டில் தமிழுக்கு இடமில்லை. இன்று அங்கே தமிழ் எவர்க்கும் பேச்சுமொழியன்று. ஆயினும் நாத்ரோனிலும் கோயிற் பாட்டிலும் தமிழ் ஒலிக்கிறது. பொருள் முழுதும் விளங்காமலே, ஒலியை நெட்டுருச் செய்து பாடுகின்றனர். பள்ளிக்கூடம் காக்க இயலாத மொழியைக் களரி காத்தது. எவ்வளவு காத்தது? ஒலியைக் காத்தது, பொருளைக் காக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூத்து இருந்தாற் போதும் என்பவரும் பள்ளி இருந்தாற் போதும் என்பவரும் குவாதலூப்பை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி இம்மலைக்கு வருவோம். மலையாளி என்று பெயர் சொல்லிக்கொள்ளும் இங்குள்ள மக்கள் கேரளத்தாரல்லர், மலையை ஆள்பவர். காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தேறிய முன்னோரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வருபவர்கள். தமிழே தாய்மொழியாகக் கொண்டவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. வந்தும் என்ன? 'துண்டு' போய் 'முன்பணம்' வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு கருநாடகக் காப்பித் தோட்டத்துக்கும் அயல்மாவட்ட வேலைகளுக்கும் குடும்பத்தோடு இறங்குகிறவர்கள் உண்டு. பிள்ளையின் படிப்பும் கூடவே இறங்குகிறது. 2015 ஏப்பிரல் 7ஆம் நாள், ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். கொல்லப்பட்டோரில் மிகப் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். மரம் வெட்டியவன் இறந்தான். மரத்தை வாங்கியவன் பெயர்கூட வெளியே வரவில்லை. அன்று ஆள்பிடித்த தரகன் பெயரை மட்டும் எந்தப் பதிவேடு வைத்திருந்தது?

இம்மலையூர்களின் திருவிழாக்களில் மத்தளம் கேட்கும் இரவுகள் இன்னும் அற்றுப் போய்விடவில்லை. முடி சூடி, கட்டை கட்டி ஆடுபவன் பகலில் தினையோ சாமையோ விதைப்பவன். அல்லது முன்பணம் வாங்கியவன். வேலைக்கு இறங்கியவர்கள் மீளாத ஆண்டில் வேடத்துக்கு ஆளில்லை, ஆளிருந்தால் பின்பாட்டில்லை. பாட்டும் உரையாடலும் வாத்தியார் நெஞ்சில் இருக்கின்றன. சிலரிடம் கிழிந்த குறிப்பேடு இருக்கும். அவை பெரும்பாலும் அச்சேறாதவை. இம்மலையின் சொற்கள், கிழக்கே எவரும் வழங்காத தூய தமிழ்ச் சொற்கள், அவற்றுள் உறைந்து கிடக்கும்.

இங்கு அமர்ந்துள்ளோரில் ஆசிரியர் பலர். உண்டுறை பள்ளிகளில் பயிற்றுவோரும் உள்ளனர். இவ்வாண்டுக் கோடை விடுமுறைக்குள், தத்தம் பள்ளிக்கு அண்மையிலுள்ள கூத்து வாத்தியார் ஒருவரை அணுகி, அவர் அறிந்த கூத்து ஒன்றை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சை நம் இலக்கணத்துக்குத் திருத்த வேண்டா. அவர் ஒலிப்பதை ஒலித்தபடியே எழுதுங்கள். பாட்டுக்குப் பக்கத்தில் மெட்டின் பெயரையும், வேடம் கட்டுவோர் பெயரையும், எந்த ஊர் விழாவில் எந்தத் திங்களில் ஆடுவதென்பதையும் குறியுங்கள். மாணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தம் தந்தை ஆடும் கூத்தைப் பள்ளி ஆசிரியர் எழுதுகிறார் என்பதை அவர்கள் காணட்டும். எழுதிய படி ஒன்று வாத்தியாரிடமும், ஒன்று பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும். எழுதி முடித்தபின் அதை அவரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். பிழை சொன்னால் திருத்துங்கள்.